சாகசச் சமையல் காணொலிகள்: பிள்ளைக்குக் காட்டுமுன் உங்கள் அடுப்படியைப் பாருங்கள்

பள்ளி விட்டு வந்த பிள்ளை சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து கைப்பேசியில் என்ன பார்க்கிறது என்று எட்டிப் பார்த்தால், இப்போதெல்லாம் பல வேளைகளில் அது சமையல் காணொலியாகவே இருக்கிறது. ஆனால் நாம் அறிந்த சமையல் அல்ல. ஒருவர் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியில் இறைச்சியை வாட்டுகிறார். இன்னொருவர் இரும்பு வெட்டும் தீக்குழாயால் முட்டை பொரிக்கிறார். மூன்றாமவர் ஆளுயர அண்டாவில் எண்ணெயைக் காயவைத்து, உறைந்த முழுக் கோழியை அதற்குள் இறக்கிவிட்டு ஓடுகிறார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை வகுப்பு நடத்தும் என்னிடம் பெற்றோர் பலர் கேட்பது இதுதான்: “சமையல்தானே டீச்சர், பார்த்தால் என்ன?” அடிதடியும் ஆபாசமும் இல்லாத ஒன்றைத் தடுப்பானேன் என்பது அவர்களுடைய நியாயம். திரையரங்குப் படத்துக்குத் தணிக்கை வாரியம் வயது வகை குறித்துத் தருகிறது. அரை நிமிடக் காணொலிக்கு அப்படி யாரும் முத்திரை குத்தித் தருவதில்லை. அந்தப் பொறுப்பு வீட்டில் இருப்பவர் தலையில் விழுகிறது.

பொதுவாக நாம் ஒரு காணொலியை எடைபோடும்போது, அது எவ்வளவு பயங்கரமாக இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறோம். என் அனுபவத்தில் அது தவறான அளவுகோல். திரையில் வரும் பொருள் நம் வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே சரியான அளவுகோல். திரவ நைட்ரஜனைத் தொட்டியில் ஊற்றிப் புகை கிளப்பும் காணொலி பார்க்கப் பெரிய விபரீதம். ஆனால் எந்தத் தோட்டத்து வீட்டிலும் திரவ நைட்ரஜன் கிடையாது. காலி டின்னும், கொஞ்சம் ஸ்பிரிட்டும், ஒரு லைட்டரும் வைத்துச் செய்யும் காணொலி பார்க்கச் சாதுவானது. அந்த மூன்றும் எந்த வீட்டிலும் கை நீட்டினால் கிடைக்கும்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2019 ஆகஸ்டில் சீனாவின் சாண்டோங் மாநிலத்தில் 14 வயதும் 12 வயதும் ஆன இரண்டு சிறுமிகள், காலி டின்னுக்குள் சோளப்பொரி பொரிக்க முயன்றபோது ஆல்கஹால் தீப்பற்றி வெடித்தது. மூத்தவள் இரண்டு வாரத்தில் இறந்துபோனாள்; இளையவள் கடுமையான தீப்புண்களோடு பிழைத்தாள். அலுவலக மேசையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சமைத்துக் காட்டிப் பெயர் பெற்ற ஒரு பெண்ணின் காணொலியைப் பார்த்துத்தான் அவர்கள் செய்தார்கள் என்று குடும்பத்தார் கூறினர். அந்தப் பெண்ணோ, தாம் செய்த முறை வேறு, தாம் பயன்படுத்தியது ஆல்கஹால் விளக்கு என்று மறுத்தார். ஆயினும் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்க உடன்பட்டார். அந்த மறுப்பை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். திரி போட்ட விளக்குக்கும் டின்னில் திறந்து ஊற்றிய ஆல்கஹாலுக்கும் உள்ள வேறுபாடு உயிரைக் காப்பதற்கும் பறிப்பதற்கும் உள்ள வேறுபாடு. அது 12 வயதுப் பிள்ளைக்குக் கண்ணில் படாது.

ஆகவே முதல் வேலை, காணொலியைப் பிள்ளைக்கு முன் நீங்கள் பார்ப்பது. ஒரு முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். இசையும் கூச்சலும் சிரிப்பும் போய்விட்டால், மீதி இருப்பது ஓர் ஆள், ஒரு நெருப்பு, சில பாத்திரங்கள் மட்டுமே. அப்போதுதான் அவர் கையுறை போட்டிருக்கிறாரா, அருகில் தீயணைப்பான் இருக்கிறதா, எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதெல்லாம் தெரியும். இரண்டாம் முறை பார்க்கும்போது காட்சி எத்தனை இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். ஆபத்தான செயலின் முன்னேற்பாடுகள் அந்த வெட்டுகளுக்குள்தான் ஒளிந்திருக்கும். நம் பிள்ளைகள் தீமிதித் திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனாலும் எந்தப் பிள்ளையும் வீட்டுக்கு வந்து தணலைக் கொட்டி மிதித்துப் பார்ப்பதில்லை. காப்புக் கட்டுவது, விரதம், குழியைச் சுற்றி நிற்கும் ஆள்கள், மறுகரையில் பால் குழி எல்லாவற்றையும் அது கூடவே பார்க்கிறது. இது சும்மா செய்கிற காரியம் அல்ல என்பது யாரும் சொல்லாமலே அதற்குப் புரிகிறது. காணொலி அந்த விரதத்தை வெட்டி எறிந்துவிட்டு நெருப்பை மட்டும் காட்டுகிறது.

“வீட்டில் முயல வேண்டாம்” என்ற வாசகத்தை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இரண்டு நொடி வந்து மறையும். இன்னொருவர் அதே காட்சியை வெட்டித் தம் பக்கத்தில் ஏற்றும்போது அதுவும் போய்விடும். இவ்வகைக் காணொலிகளில் பேச்சே இல்லாதவை நிறைய. மொழி தேவையில்லாததால் பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் அவை புரிந்துவிடுகின்றன.

இரண்டாம் வேலைதான் முக்கியமானது. காணொலியில் வந்த பொருள்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். அடுப்படியில் மட்டும் தேடினால் போதாது. சாமி மேடையில் கற்பூரம், தீப்பெட்டி, விளக்கெண்ணெய், பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கிக் குவித்து இன்னும் அலமாரியில் தூங்கும் கைத்தூய்மித் திரவம், அதாவது முக்கால் பங்குவரை ஆல்கஹால், கொசு மருந்துத் தெளிப்பான், மைலோ டின், பின்கட்டில் விறகு அடுப்பு, கொட்டகையில் புல்வெட்டி இயந்திரத்துக்கான பெட்ரோல். பட்டியலில் உள்ளவற்றில் பாதி கிடைத்துவிட்டால் அந்தக் காணொலி உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு உகந்ததல்ல, அது எவ்வளவு அழகாக எடுக்கப்பட்டிருந்தாலும். அதே காணொலி ஈப்போவில் மின்னடுப்பு மட்டும் உள்ள அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைக்கு அத்தனை கேடு செய்யாமல் போகலாம். கூடவே, பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்துக்கும் தொழிற்சாலைப் பேருந்து பெற்றோரை இறக்கிவிடும் நேரத்துக்கும் இடையில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எந்தச் செயல்கள் உண்மையில் ஆபத்தானவை என்று அறியக் கொஞ்சம் அறிவியல் வேண்டும். எண்ணெயில் பொரிப்பதற்கு 170 முதல் 190 பாகை செல்சியஸ் போதும். அதைத் தாண்டிக் காயவிட்டால் எண்ணெய் புகையும். ஏறத்தாழ 350 பாகையை மிஞ்சினால் நெருப்பு காட்டாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. காய்ந்த எண்ணெய்க்குள் விழும் ஒரு கரண்டி நீரோ, கோழித் துண்டில் ஒட்டிய பனிக்கட்டியோ அடியில் போய் நொடியில் ஆவியாகி, மேலே உள்ள எண்ணெயைத் துளித்துளியாக வீசியெறிகிறது. அந்தத் துளிகள் அடுப்புச் சுடரைத் தொட்டால் தாச்சி, அதாவது குழிந்த வாணலி, தீப்பந்தமாகும். உணவகச் சமையல்காரர் தாச்சியை ஆட்டி எழுப்பும் தீயும் இதன் சிறு வடிவம்தான். எனவே எண்ணெயில் நீர், பனி, ஈரம் சேரும் எந்தக் காணொலியையும் 12 வயதுக்குக் கீழே நான் காட்டமாட்டேன்.

மூடிய பாத்திரம் இன்னொரு வகை. கெட்டிப்பால் டின்னைத் திறக்காமல் நீரில் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்தால் பழுப்பு நிறப் பாகாகிவிடும் என்று காட்டும் காணொலிகள் பல உண்டு. டின் முழுகும் அளவுக்கு நீர் இருக்கும்வரை அது பெரும்பாலும் வெடிப்பதில்லை. நீர் வற்றினால் வெடிக்கும், கொதிக்கும் பாகு முகத்தில் அடிக்கும். நான்கு மணி நேரம் அடுப்பைக் கவனித்துக்கொண்டிருக்கும் பத்து வயதுப் பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. நுண்ணலை அடுப்பில் ஓட்டோடு முட்டையை வைப்பது, இறுக மூடிய போத்தலில் உலர்பனிக்கட்டியை (உறைந்த கரியமில வாயு) போடுவது எல்லாம் இதே இனம். ஆல்கஹால் சுடரின் தனிக் கெடுதல், பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரிவதே அரிது என்பது; அணைந்துவிட்டதென்று மேலும் ஊற்றும்போது தீ போத்தலுக்குள் ஓடிவரும்.

திரவ நைட்ரஜன் வீட்டில் இல்லை என்று மேலே சொன்னேன். பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், இருக்கக்கூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அது கழித்தல் 196 பாகையில் கொதிக்கும் பொருள். வாயிலும் மூக்கிலும் புகை வரவழைக்கும் தின்பண்டங்களை அதில் நனைத்து விற்பார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018லேயே அவற்றைக் குறித்து எச்சரித்தது. இந்தோனேசியாவில் பிள்ளைகள் பாதிக்கப்பட்டதால் சுகாதார அமைச்சு 2023 ஜனவரியில் சுற்றறிக்கை விட்டது. அந்தக் காணொலியில் ஆபத்து சமைப்பதில் இல்லை, வாங்கித் தின்பதில் இருக்கிறது. இருமல் மருந்தில் கோழியை வேகவைக்கும் கிறுக்குத்தனம் ஒன்றும் உலவியது. கொதிக்கும்போது மருந்தின் செறிவு கூடும், அதன் ஆவியை மூச்சில் இழுத்தாலே நுரையீரல் கெடலாம் என்று அதே அமெரிக்க நிர்வாகம் 2022 செப்டம்பரில் சொன்னது. இருமல் மருந்து எந்த வீட்டில் இல்லை?

இனி என் சொந்தக் கதை. ஊருக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தில் வசிக்கும் என் தங்கையின் பேரன், அப்போது நான்காம் ஆண்டு மாணவன். அவனுடைய கைப்பேசியில் எதைப் பார்க்கக்கூடாது என்று பட்டியல் போட்டுக் கொடுத்ததே நான்தான்; வெடி, புகை, இரும்புக் குழம்பு எல்லாம் அதில் இருந்தன. ஒரு பிற்பகல் அம்மாச்சி கண்ணயர்ந்த வேளையில், அவன் தாச்சியில் எண்ணெயை நன்றாகக் காயவிட்டு, பனி படிந்த கோழி நக்கெட்டுகளைக் கொட்டி, தீ எழும்பாததால் ஏமாந்து, கையால் நீரை அள்ளித் தெளித்திருக்கிறான். தீ எழும்பியது. நல்லவேளை அவன் தாச்சியைத் தூக்கவில்லை, ஓடிவிட்டான். சத்தம் கேட்டு எழுந்த தங்கை கேஸ் தோம்பின் வால்வை மூடி, பெரிய மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளித் தாச்சியை மூடினாள். பையனின் முன்கை வெந்துபோயிற்று. பக்கத்து வீட்டார் அன்போடு பற்பசையை அப்பிவிட, கிளினிக்கில் தாதி அதைத் துடைத்தெடுக்கும்போது அவன் பட்ட வேதனை தீப்புண்ணின் வேதனையைவிடப் பெரிது. பிறகு அவன் பார்த்த காணொலியை நானும் பார்த்தேன். அரை நிமிடம். ஏதோ ஒரு கடையில் ஒருவர் தாச்சியில் தீ எழும்ப, சிரித்துக்கொண்டே மீ கோரெங் (வறுத்த மீ) பிரட்டுகிறார். என் பட்டியலில் எந்த வகையிலும் அது சேராது. நானே பார்த்திருந்தாலும் காட்டலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அன்றுதான் பட்டியலைக் கிழித்துவிட்டு, மேலே சொன்ன தாளுக்கு வந்தேன்.

வயதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு வயதுவரை திரையில் நடப்பதற்கும் வீட்டில் நடப்பதற்கும் இடையே பிள்ளை கோடு போடுவதில்லை. இவ்வகை எதுவும் வேண்டாம். ஏழு முதல் ஒன்பதுவரை, பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்து பார்த்தால் பெரிய அளவுச் சமையலைக் காட்டலாம். தமிழ்நாட்டுக் கிராமத்துத் தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அண்டா அண்டாவாகச் சமைக்கும் வில்லேஜ் குக்கிங் சேனலை (2021ல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டியது) நான் சாகசத்தில் சேர்ப்பதில்லை. அளவு பெரிதே தவிர முறை நம் கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கும் அதே முறை. பத்து முதல் பன்னிரண்டுதான் மிகவும் கவனிக்க வேண்டிய வயது, ஏனெனில் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியும், பயம் இன்னும் வரவில்லை. படிவம் ஒன்றுக்கு, அதாவது இடைநிலைப் பள்ளிக்கு, போன பிள்ளையைத் தடுப்பது வீண். அதனோடு பேசத்தான் வேண்டும்.

பேசுவதற்கு எனக்கு ஒரு கேள்வி கைகொடுக்கிறது: “இதில் எதைக் காட்டாமல் விட்டிருக்கிறார்கள்?” ஆபத்து என்ன என்று கேட்டால், பெரியவர் எதிர்பார்க்கும் பதிலைப் பிள்ளை ஒப்பிக்கும். காட்டாததைக் கேட்டால் துப்பறியும் வேலை கிடைத்ததுபோல உட்கார்ந்து தேடும். அடுப்பை அணைத்தது யார், எண்ணெய் சிந்தியதைத் துடைத்தது யார், எத்தனையாவது முயற்சி இது, அந்தச் சாப்பாட்டைக் கடைசியில் யாராவது சாப்பிட்டார்களா? கடைசிக் கேள்விக்குப் பல காணொலிகளில் விடை கிடையாது. சோறு சிந்தினால் பொறுக்கச் சொல்லும் பாட்டிகள் உள்ள வீட்டில் அதுவே ஒரு தனிப் பேச்சாக வளரும். பிள்ளை சொல்லும் பதிலில் “அது அவர்களுக்குப் பழக்கம்” என்ற பொருள் வந்தால் அந்தக் காணொலியை அது தாங்கும். “அது ஈசிதான் டீச்சர், நானே செய்வேன்” என்று வந்தால் நிறுத்திவிடுங்கள். உயிரோடு உள்ள நண்டையும் கணவாயையும் தீயில் துடிக்கவிடும் காட்சிகளைப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசாத பிள்ளையையும் கவனியுங்கள். சில பிள்ளைகள் இரவில்தான் அழும்.

கைப்பேசி அமைப்புகள் உதவும், ஓரளவு. யூடியூபில் சொந்தக் கணக்குக்கு வயது வரம்பு உண்டு. அதற்குக் கீழே யூடியூப் கிட்ஸ் செயலி இருக்கிறது. அதில் நான்கு வயதுவரை, ஐந்து முதல் எட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு என மூன்று பிரிவுகளோடு, நீங்களே தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் காட்டும் வழியும் உண்டு. இந்தக் கடைசி வழியையே நான் பரிந்துரைக்கிறேன். “சிறுவருக்காக உருவாக்கப்பட்டது” என்ற குறிப்பை முதலில் இடுபவர் காணொலியை ஏற்றியவரே; அது பாதுகாப்புச் சான்று அல்ல. டிக்டாக்கில் குடும்ப இணைப்பு வசதியைக் கொண்டு பிள்ளையின் கணக்கை உங்கள் கணக்கோடு பிணைத்துக் கட்டுப்பாடு வைக்கலாம். ஆனால் நம் வீடுகளில் பிள்ளை பார்ப்பது பெரும்பாலும் பாட்டியின் கைப்பேசியில், மாமாவின் கணக்கில். அங்கே மேற்சொன்ன எதுவும் வேலை செய்யாது. குடும்பத்தில் பிள்ளையின் கைக்குப் போகும் எல்லாக் கைப்பேசிகளிலும் பார்த்த வரலாற்றைத் திறந்து, வேண்டாத காணொலியை அழித்து, “பரிந்துரைக்க வேண்டாம்” என்பதை அழுத்துங்கள். ஒன்றை முழுதாகப் பார்த்துவிட்டால் அதே இனத்தில் பத்து வரும். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்து சேரும் காணொலிக்கு எந்த வடிகட்டியும் இல்லை. அதை அனுப்பிய சித்தப்பாவிடம்தான் பேசவேண்டும்.

அசம்பாவிதம் நடந்துவிட்டால் செய்ய வேண்டியதை அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வையுங்கள். எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றக்கூடாது, பாத்திரத்தைத் தூக்கக்கூடாது. எட்டினால் கேஸை மூடி, மூடியால் தீயை அடக்க வேண்டும். முடியாவிட்டால் எல்லாரும் வெளியேறி அவசர எண் 999ஐ அழைக்க வேண்டும். பிள்ளைக்கு விதி இன்னும் சின்னது: ஓடு, பெரியவரைக் கூப்பிடு. வெந்த இடத்தைக் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டவேண்டும், மோதிரமோ காப்போ இருந்தால் வீங்குமுன் கழற்றவேண்டும். பனிக்கட்டி, பற்பசை, வெண்ணெய், சோயா சாஸ் எதுவும் வேண்டாம். தோட்டத்து உட்சாலையில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும். அதுவரை நீர் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

தடுத்ததற்கு ஈடாக ஏதாவது கொடுக்காவிட்டால் பிள்ளை வேறு கைப்பேசியைத் தேடிப் போகும். அதற்கு வேண்டியது வெடிச் சத்தம்தான் என்றால் அதைப் பத்திரமாகக் கொடுக்கலாம். காய்ந்த சோள மணிக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பங்கு ஈரம் இருக்கிறது. 180 பாகையளவில் அந்த ஈரம் ஆவியாகி ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவருவதே சோளப்பொரி. கனமான சட்டி, இரண்டு கரண்டி எண்ணெய், அடி மறையுமளவு சோளம், இறுக்கமில்லாத மூடி, பக்கத்தில் பெரியவர் ஒருவர். கை ஆறிய பிறகு தங்கை பேரனை வைத்துக்கொண்டு அதைச் செய்தாள். மூடியைப் பிடித்திருந்தது அவள். எத்தனை நொடிக்கு ஒரு வெடி என்று எண்ணியது அவன். சத்தம் ஓய்ந்து அவள் மூடியைத் திறந்தபோது அவன் கேட்டான்: “அம்மாச்சி, அந்த வீடியோவுல எல்லாம் மூடியே காட்டலையே, ஏன்?”